ஔந்த் ஆபீஸில் தற்காலிக ஒழிப்பு

புனே ஔந்த்ல ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ். அங்க திங்கக்கிழமை காலைல ஒரு சுற்றறிக்கை வந்துச்சு: "இனி நம் அலுவலகத்தில் தற்காலிகமான எதுவும் இருத்தலாகாது." மேலதிகாரி ஜம்புநாதன் ஏதோ வீடியோ பாத்திருக்காரு. வேண்டாதத எல்லாம் தூக்கிப் போட்டா மனசு லேசாகுமாம். நிலைக்காதது எல்லாம் வேண்டாததுன்னு அவரு கணக்கு. மொதல்ல குடை ஸ்டாண்டு போச்சு. மழைதான் எப்படியும் நின்னுருமே!

அன்னிக்குன்னு பாத்து மெயின்ஃப்ரேம்ங்கற ஆபீஸோட பெரிய கம்ப்யூட்டர்ல பாலிசி இண்டெக்ஸ் புட்டுக்குச்சு. அது இல்லன்னா ஒரு பாலிசியத் தேட மொத்த பாலிசியையும் புரட்டணும். கவுண்டர்ல வந்தவங்க வடாபாவ் தின்னுட்டு, திரும்பப் பசிக்கற வரைக்கும் நின்னாங்க.

டேட்டாபேஸ் பாக்கற காவ்யா நேரா ஜம்புநாதன் ரூமுக்கு ஓடினா. சனிக்கிழமை கோயம்புத்தூர்ல அவளுக்கு நிச்சயதார்த்தம். இண்டெக்ஸக் கட்டி முடிச்சாத்தான் லீவு!

"சார், திரும்பக் கட்டணும்னா எல்லா நம்பரையும் வரிசையா அடுக்கணுங்க. பரப்பி வெச்சு அடுக்க டிஸ்க்ல ஒர்க் ஃபைலுக்குக் கொஞ்சம் எடம் வேணுங்க. அரை மணி நேரந்தான்."

"அப்புறம்?"

"வேல முடிஞ்சா தானா அழிஞ்சிருமுங்க."

அதே புனேல, கட்கியில பொறந்து வளந்த ஜம்புநாதன் நெஞ்சுல கை வெச்சாரு. "அரே பாப்ரே! முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல, நடுவுல மட்டும் இருக்கும்ங்கற. ஆடிட்டர் கேட்டா எதம்மா காட்டுவேன்?"

"சீட்டு அடுக்கக்கூட மேஜை வேணுங்களே சார்?"

"கையிலயே அடுக்கு."

ஆழ்ந்த பரிசீலனைக்குப் பிறகு புதன்கிழமை அனுமதி வந்துச்சு: "ஒர்க் ஃபைல் நிறுவலாம். பணி முடிந்த பின்னும் அழிக்கலாகாது." மெஷினுக்கு மாலை போட்டு, தேங்கா ஒடச்சு, எல்லாருக்கும் பேடா குடுத்தாங்க. அரை மணி நேரம் கழிச்சு காவ்யா திரும்ப வந்தா.

"சார், நம்பரெல்லாம் ஜம்முனு வரிசையா நிக்குதுங்க. ஆனா இண்டெக்ஸ் எழுதத்தான் எடமில்ல. டிஸ்க்ல மிச்சமிருந்த எடத்த ஒர்க் ஃபைலே அடைச்சிருச்சு. அழிச்சிரட்டுங்களா?"

"மாலை போட்டதயா? மெதுவா பேசு, யார் காதுலயாவது விழப்போகுது."

வெளிய வந்தா கவுண்டர்ல மராத்தில ஒரு போர்டு: "தற்காலிகத் தாமதம், வருந்துகிறோம்." ஜம்புநாதனுக்கு வந்துச்சே கோபம்! "தற்காலிகமா? நம்ம ஆபீஸ்லயா?" அவரே அத அடிச்சுட்டு "நிரந்தரத் தாமதம்"னு எழுதினாரு. நிரந்தரமா இருக்கறது எப்படிக் கோளாறு ஆகும்? அது ஏற்பாடு. இண்டெக்ஸ் புகாரு அத்தோட க்ளோஸ். வரிசைல நின்னவங்க, இவ்ளோ வருஷத்துல ஒருத்தராவது உண்மையச் சொன்னாரேன்னு கை தட்டினாங்க.

"அப்ப என் லீவுங்க சார்?"

"எதுக்கு?"

"நிச்சயதார்த்தம்."

"கல்யாணம் ஆயிட்டா அது என்ன ஆகும்?"

"முடிஞ்சிரும்..."

"பாத்தியா, அதே ஒர்க் ஃபைல் கேஸ்! கேன்சல். கல்யாணம்னு எழுதிக் குடு, அது நிரந்தரம். இப்பவே கையெழுத்து."

நிச்சயத்துக்குப் புடிச்ச மண்டபத்துலயே சனிக்கிழமை தாலி கட்டியாச்சு. ஒரே பந்தில முடிஞ்சுதேன்னு ரெண்டு வீட்டுக்கும் குஷி. மாப்பிள்ள பாஸ்கருக்கு மட்டும் லேசா மனசு கேக்கல.

"ஏங்க, நடுவுல கொஞ்ச நாள் பேசிப் பழகியிருக்கலாமே?"

"கல்யாணம் ஆனா அது தானா அழிஞ்சிருமுங்க," காவ்யா மாலையச் சரி பண்ணிக்கிட்டே சொன்னா. "நாளைக்கு ஆடிட்டர் கேட்டா எதக் காட்டுவீங்க?"

பாஸ்கர் சட்டுனு தலையாட்டிட்டாரு. அவருக்குத் தொழிலே ஆடிட்டிங்.