லோடு வருகிறது என்று குடல் சொன்னபோது

வயிறு நிறைந்தால் மனிதனுக்குக் கண் சொருகும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் சொருகினால்தான் வம்பு.

பெண்ணுக்குத் தென்காசி பக்கத்தில் மேலகரம், பெயர் செல்வி. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு இவளைத் தவிர யாரும் வேண்டாம் என்றாகிவிட்டது. (வீட்டில் சொல்லவில்லை. கெத்து முக்கியம்.) தென்காசியில் இறங்கியதும் என் தாய்மாமா, "சீசன்ல வந்துட்டு அருவியில தலையக் காட்டாமப் போனா எப்படிலே?" என்று குற்றாலத்துக்கு இழுத்துப் போனார். எண்ணெய்த் தேய்ப்பு, அருவிக் குளியல், பிறகு இலைச் சாப்பாடு.

"நல்லாச் சாப்பிடுலே. பொண்ணு வீட்டுல ஒரு பஜ்ஜிக்கு மேல தொடப்பிடாது. அலைஞ்சவன்னு நெனச்சிருவாவ."

பாயசத்தை மறுபடியும் வாங்கிக் குடித்தேன்.

செல்வியின் அப்பாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி. நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன் என்றதும், சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சுகருக்கு டாக்டர் புது மாத்திரை தந்திருக்காரு. குடல்ல சுரக்கிற எதையோ காப்பாத்துதாம். குடலுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம் தம்பி?"

கேட்கவா வேண்டும்?

"உங்க மண்டி மாதிரிதான் மாமா." (அவசரப்பட்டு மாமா என்றுவிட்டேன்.) "லோடு வருதுன்னு முன்னாலயே போன் வந்தா ஆள நிறுத்தி வைப்பீங்கல்லா? சாப்பாடு வந்ததும் குடல் ஹார்மோன அனுப்பிக் கணையத்துக்குத் தகவல் சொல்லிரும். இன்சுலின் தாராளமாச் சுரக்கும். அதே சர்க்கரைய ட்ரிப்ஸ்ல ஏத்துனா குடலுக்குத் தெரியாது. இன்சுலினும் அவ்வளவு வராது. இப்ப லோடு..."

என் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. ஜன்னல் வழியே சாரல் உள்ளே வந்தது. எலுமிச்சை ஏற்றிய லாரி ஒன்று மேகத்துக்குள் சத்தமில்லாமல் ஊர்ந்தது. பழங்களின் மேல் நானும் செல்வியும் மல்லாந்து கிடந்தோம். மலைகள் மெல்லப் பின்னால் நகர்ந்தன. எனக்கு இறங்கவே மனமில்லை.

"லோடு வந்துட்டு, எறக்குங்க" என்று உரக்கச் சொல்லி விழித்தேன்.

என் தலை செல்வியின் அப்பா தோளில் கிடந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையில் என் தலையிலிருந்த எண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது. தாய்மாமா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். அழுகை வந்தது.

காபியோடு நின்ற செல்விதான் பேசினாள். "நீங்களும் சாப்ட்டதும் இப்படித்தானப்பா உறங்குதீங்க?"

அவர் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"லோடு எறங்கிட்டா மாப்ளே?"

மாப்ளே என்ற சொல்லில் மிச்சத் தூக்கமும் போய்விட்டது.

இன்றும் சாப்பிட்டு எனக்குக் கண் சொருகினால், "லோடு எறங்குது" என்று செல்வி டிவி சத்தத்தைக் குறைப்பாள். மாமனார் வந்து பக்கத்தில் உட்காருவார். சற்று நேரத்தில் அவர் தலை என் தோளுக்கு வந்துவிடும்.