லூர்தம்மாளின் நம்பர்

தன் வீட்டுக்குத் தான் தலைவர் இல்லை என்பதை பிலோமின்ராஜ் ஒரு சிலிண்டர்க்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

அன்று வியாழக்கிழமை. லூர்தம்மாள் மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். பதினோரு மணிக்கு சிலிண்டர்க்காரர் வந்து, சிலிண்டரை வாசலில் இறக்கி வைத்துவிட்டு செல்போனைக் கையில் எடுத்தார்.

"ஓடிபி சொல்லுங்க சார்."

"எனக்கு எதுவும் வரலியே."

"உங்களுக்கு எப்படி வரும்? அக்கா நம்பருக்குத்தான் வரும். அக்காவைக் கேட்டுச் சொல்லுங்க."

"அவ கோயில்ல இருக்கா. போனை அமத்தி வச்சிருப்பா. நான்தான் இந்த வீட்டுக்காரர். என்னை நம்பிக் குடுத்துட்டுப் போங்க."

"நான் நம்புறேன் சார். இது நம்பாது." செல்போனைக் காட்டினார். சிலிண்டரை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

தலத்தெருவில் அந்த நேரத்தில் எட்டுப் பேராவது வாசலில் நின்றிருப்பார்கள். எட்டுப் பேரும் பார்த்தார்கள்.

தவறு யாருடையது என்று பார்த்தால், பிலோமின்ராஜுடையதுதான். பொதுப்பணித் துறையில் முப்பத்துமூன்று வருடம் எழுத்தராக இருந்தவர் அவர். வீட்டுக்கு முதல் செல்போன் வந்தபோது, "கண்டவன் கூப்பிடுவான், யார் எடுத்துப் பேசிக்கிட்டு இருக்கிறது" என்று சொல்லி, எந்தப் படிவத்தை நிரப்பினாலும் மனைவியின் நம்பரையே எழுதினார். வங்கிக்கு அந்த நம்பர். கரண்டுக்கு அந்த நம்பர். தண்ணீர் வரி, வீட்டு வரி, ஆதார் எல்லாவற்றுக்கும் அதே நம்பர். பென்ஷனுக்காக வருடம் ஒருமுறை கைரேகை வைத்துவிட்டு வருவார். அவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்திகூட முதலில் லூர்தம்மாளுக்குத்தான் வரும்.

இந்த நிலையில்தான் லூர்தம்மாள் பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மகள் ஆன்லினுக்கு அங்கே இரண்டாவது பிரசவம். ஆறு மாதம் தங்க வேண்டும். ஆன்லின் இரண்டு பேரையும்தான் கூப்பிட்டாள். குளிரை நினைத்ததுமே பிலோமின்ராஜுக்கு மூட்டு வலித்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

சிலிண்டர் திரும்பிப் போன அன்றே அவர் ஒரு முடிவெடுத்தார். லூர்தம்மாள் போகட்டும். நம்பர் போகக் கூடாது. ஆறு மாதம் அந்த நம்பர் தன் சட்டைப்பையில் இருக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கெல்லாம் ஓடிபியைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

ஒரு முழுத் தாளில் சிவப்பு மையால் கட்டம் போட்டார். வெளிநாட்டுக்கு எந்த போன், என்ன பிளான், எது கூடும், எது கூடாது என்று ஒன்பது விதிகள் எழுதினார். ஏழாவது விதி: "மோசடிக்காரர்கள் தொல்லை இருப்பதால் புது நம்பரை யாருக்கும் தரக் கூடாது." அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார். சாயங்காலம் தாளோடு அடுப்படிக்குப் போனார்.

"லூர்து, பழைய சிம்மை அங்க கொண்டுபோகக் கூடாது."

"ஏங்க?"

"ரோமிங்."

"அப்படின்னா?"

அரை மணி நேரம் விளக்கினார். லூர்தம்மாள் வாழைப்பூவை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அங்க போனதும் ஆன்லின் உனக்கு அந்த ஊர் சிம் வாங்கிக் குடுப்பா. மாசாமாசம் போட்டுக்கிற பிளான். வருஷக் கணக்குல ஒப்பந்தம் கிடையாது. புதுசா ஒரு போன் நான் வாங்கித் தர்றேன். பழைய போன் சிம்மோட இங்கயே இருக்கட்டும்."

"இருபது வருஷமா என்கூட இருக்கிற நம்பருங்க."

"அது எங்கயும் போயிடாது. என்கிட்டதானே இருக்கப்போவுது."

"எல்லாரும் அதுல கூப்பிடுவாங்களே."

"நான் பதில் சொல்லிக்கிறேன்."

லூர்தம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களால முடியாதுங்க."

பிலோமின்ராஜ் எத்தனையோ வார்த்தைகளைத் தாங்குவார். இதைத் தாங்க மாட்டார்.

"முப்பத்துமூணு வருஷம் ஒரு ஆபீசையே நடத்துனவன்டி நான்."

"வேணாங்க. நான் சொன்னாக் கேளுங்க. நம்பர் என்கிட்டயே இருக்கட்டும்."

இரண்டு நாள் மறுத்தாள். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, உங்க இஷ்டம்" என்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் ஒரு விவாதத்தில் அவர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் அதற்குமேல் எதையும் அவர் யோசிக்கவில்லை.

ஒரே ஒரு ஆபத்து பாக்கி இருந்தது. இப்போது வருகிற போனிலெல்லாம் இரண்டு சிம் போடலாம். கிளம்புகிற அன்றைக்கு மனம் மாறி, "அதையும் இதுலயே போட்டுக்கிறேன்" என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அஃப்ரா என்ற பெண் செல்போன் கடை வைத்திருந்தாள். தலத்தெருப் பெண்கள் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள். பிலோமின்ராஜ் அங்கே போனார்.

"வெளிநாட்டுக்குக் கொண்டுபோற மாதிரி ஒரு போன் வேணும்மா. அந்த ஊர் டவர்ல எடுக்கணும். எந்த கம்பெனி சிம் போட்டாலும் வேலை செய்யணும். அப்புறம், ஒரு சிம்தான் போடணும்."

அஃப்ரா சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. பின்னாளில் பிலோமின்ராஜ் இதை நினைத்துப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் ரெண்டு சிம்முக்கு இடம் இருக்கே அங்கிள்."

"ஒண்ணை அடைச்சுத் தர முடியுமா?"

"அடைக்க வேணாம் அங்கிள். இதைப் பாருங்க." மேசைக்குக் கீழே கையை விட்டு ஒரு பெட்டியை எடுத்தாள். "இதுல ரெண்டாவது இடத்துல ஒண்ணு சிம் போடலாம், இல்லன்னா மெமரி கார்டு போடலாம். ரெண்டையும் சேத்துப் போட முடியாது."

பிலோமின்ராஜ் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப மெமரி கார்டு போட்டுட்டா?"

"அப்புறம் ஒரு சிம்தான் அங்கிள்."

"பேரப்பிள்ளையை வீடியோ எடுக்கணும் பாரும்மா. கார்டு போட்டுடு. இருக்கிறதுலயே பெரிசா."

தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த வாரத்தில் லூர்தம்மாள் கிளம்பினாள். சென்னை விமான நிலையத்தில் பழைய போனை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள்.

"கூப்பிடுறவங்களுக்கு முகம் சுளிக்காம பதில் சொல்லுங்க. பாவம், அவங்களுக்கு வேற யாரு."

"நீ கவலைப்படாதே."

"புது நம்பரை யாருக்கும் குடுத்துடாதீங்க. ஏழாவதுல நீங்களே எழுதியிருக்கீங்க."

தன் விதியை அவள் மனப்பாடமாகச் சொன்னது அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு நம்பர் ஒலித்தது.

"அக்கா, மங்கை பேசுறேன். சங்கரா இருக்கு, கெழுத்தி இருக்கு, இறால் கொஞ்சம்தான். யார் யாருக்கு எதுன்னு சொல்லுங்க."

திருவேட்டக்குடி மங்கையர்க்கரசி, மீன் விற்கிறவர்.

"லூர்தம்மா ஊருக்குப் போயிட்டாங்க. நான் அவங்க வீட்டுக்காரர்."

"அப்ப நீங்க சொல்லுங்கண்ணே. ஆறு வீட்டையும் கேட்டு, பத்து நிமிஷத்துல சொல்லிடணும். அப்புறம் வண்டி கிளம்பிடும்."

"ஆறு வீடா?"

"தெருவுல ஆறு வீடும் அக்காகிட்டதானே சொல்லுவாங்க. நான் உங்க வாசல்ல இறக்கிட்டுப் போயிடுவேன். அக்கா பிரிச்சுக் குடுப்பாங்க."

பத்து நிமிடத்தில் ஆறு வீட்டுக் கதவைத் தட்ட அறுபத்திரண்டு வயதில் எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும் என்பதை பிலோமின்ராஜ் அன்று கற்றுக்கொண்டார். சங்கரா கேட்ட வீட்டுக்குக் கெழுத்தி போனது. கெழுத்தி கேட்ட வீட்டுக்கு எதுவும் போகவில்லை.

வாரக் கடைசியில் சிலிண்டர் வந்தது. பிலோமின்ராஜ் சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான்கு எண்களையும் தெருவுக்கே கேட்கும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அரை நிமிடம் அவர் வீட்டுத் தலைவராக இருந்தார்.

"சரிங்க சார். எதிர் வீட்டு ஓடிபி?"

"அதை என்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

"அவங்க நம்பரும் இதுதான். கடைசி வீடும் இதுதான். டீச்சர் வீட்டுக்கும் இதுதான். அக்கா எப்பவும் வீட்டுல இருப்பாங்கன்னு எல்லாரும் அக்கா நம்பரையே குடுத்து வச்சிருக்காங்க. நீங்க எங்கயும் வெளிய போயிடாதீங்க சார்." போகிறபோது திரும்பினார். "அக்கான்னா எப்ப வரணும்னு நேரம் சொல்லிடுவாங்க. போன தடவைகூட வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்லாம வரச் சொன்னாங்க."

பிலோமின்ராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. போன் மறுபடி அடித்துக்கொண்டிருந்தது.

எதிர் வீட்டு ராஜம். "லூர்து இல்லியா? சரி சார், நீங்களே கேளுங்க. என் மருமக இட்லி மாவைக் கடையில வாங்குறா. எங்க குடும்பத்துல இப்படி ஒண்ணு நடந்தது உண்டா?"

அந்தப் பேச்சு நாற்பது நிமிடம் ஓடியது. வைத்ததும் அந்த மருமகள் விஷ்ணுப்ரியா கூப்பிட்டாள்.

"அங்கிள், ஆன்ட்டிகிட்டதான் நான் மனசுவிட்டுப் பேசுவேன். மாவுல உப்பு போட்டியா, உப்பு போட்டியான்னு நாலு தடவை கேக்குறாங்க அங்கிள். அதான் அரைக்கிறதையே விட்டுட்டேன்."

பிலோமின்ராஜ் இரண்டு தரப்பையும் குறிப்பெடுத்தார். அலுவலகப் பழக்கம். மறுநாள் ராஜத்துக்குத் தீர்ப்புச் சொன்னார். "நீங்க உப்பைப் பத்திக் கேக்கலைன்னா அவங்க அரைச்சிடுவாங்க."

ராஜம் கேட்டாள். "அப்ப அவ உங்ககிட்டயும் சொல்லியிருக்கா?"

எதிர் வீட்டுக் கதவு சாத்தப்பட்ட ஓசை இரண்டு முறை கேட்டது. ஒன்று மாமியார், ஒன்று மருமகள்.

மூன்றாவது வாரம் அவர் பகல் தூக்கத்தை மறந்திருந்தார். தெருவில் வீட்டுக்கு வீடு மாறி நடக்கும் அன்பிய ஜெபக் கூட்டம் இந்தத் தடவை யார் வீட்டில் என்று நான்கு பேர் கேட்டார்கள். அவர் வாயிலிருந்து பதில் வராததால் அவர் வீட்டில் என்று முடிவானது. ஜாக்கெட் தைக்கிற பெண், கை உயரத்தைக் குறைக்கட்டுமா என்று அவரைக் கேட்டாள். அரை அங்குலம் குறைக்கச் சொன்னார். யாருடைய ஜாக்கெட் என்று இன்றுவரை தெரியாது.

பிரான்சுக்குக் கூப்பிட்டார். ஆன்லின் எடுத்தாள்.

"அம்மா தூங்குறாங்கப்பா. அவங்க இவ்வளவு தூங்கி நான் பார்த்ததே இல்ல. போனே அடிக்கிறதில்ல, அதான்."

ஞாயிற்றுக்கிழமை லூர்தம்மாளே வீடியோ காலில் கூப்பிட்டாள். முகம் தெளிந்திருந்தது. பத்து வயது குறைந்திருந்தது. பிலோமின்ராஜ் எல்லாவற்றையும் கொட்டினார்.

"ராஜம் அக்காகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"நியாயத்தைச் சொன்னேன்."

"அங்கதாங்க தப்பு. அவங்க நியாயம் கேக்கவா கூப்பிடுறாங்க? 'ம்'னு மட்டும் சொல்லணும். இருபது வருஷமா நான் அது ஒண்ணுதான் சொல்லிட்டிருக்கேன்."

"என்னால முடியல லூர்து. மீன்காரம்மாவாவது உன்னையே கூப்பிடட்டும். புது நம்பரைக் குடுத்துடவா?"

"ஏழாவது விதி என்னாவுறது? அதுவும் அவ கூப்பிடுற நேரம் இங்க ராத்திரி ரெண்டு மணிங்க."

"அப்ப சிம்மையே உனக்கு அனுப்பிடுறேன்."

"எதுலங்க போடுறது? இதுல ஒரு சிம்தானே போகும்."

"மெமரி கார்டை எடுத்துட்டுப் போடு."

"பாப்பா பொறந்ததுலேருந்து எடுத்த வீடியோ எல்லாம் அதுலதான் இருக்கு. எடுக்கவாங்க?"

அந்தக் கார்டு இருக்கிறதிலேயே பெரியது. நிரம்ப இன்னும் நான்கு வருடம் ஆகும்.

போனை வைத்ததும் அவருக்கு ஒரு நப்பாசை. புது போனில் இன்னொரு சிம்முக்கு எங்காவது மூன்றாவது இடம் இருக்கக் கூடாதா? அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தார். உள்ளே இருந்த சிறு புத்தகத்தை உருவினார். அதன் நடுவிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு விழுந்தது. அஃப்ரா கடையின் சீட்டு. அவள் கையெழுத்து.

"லூர்தம்மா ஆன்ட்டிக்கு எடுத்து வைத்தது. மெமரி கார்டு போட்டால் ஒரு சிம் மட்டும். அங்கிள் வந்து கேட்பார். அவராகவே கண்டுபிடித்த மாதிரி இருக்கட்டும்."

கீழே தேதி இருந்தது. பிலோமின்ராஜ் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். சிலிண்டர் திரும்பிப் போன வியாழக்கிழமைக்குப் பத்து நாள் முந்தின தேதி.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. லூர்தம்மாள் கோயிலுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு. விட்டால் புதன்கிழமை நவநாள் ஜெபத்துக்கு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மாதா கோயிலில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது.

சீட்டைக் கையில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்பு மையில் கட்டம் போட்ட தாள் எதிர்ச் சுவரில் தொங்கியது. மேசைமேல் நம்பர் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்தார்.

"லூர்தம்மா அக்காவா?"

"ம்" என்றார் பிலோமின்ராஜ்.