எட்டும் எட்டாததும்

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லியே காலம் தள்ளும் இனம் ஒன்று உண்டு. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார். தெருவில் இரண்டு பேர். நான் சொல்லப்போகிறவர் வேதியியல் ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் நியான்.

பெயருக்குக் காரணம் அவர் நடத்தும் பாடம்தான். "சோடியத்துக்கு வெளிக்கூட்டுல ஒரே ஒரு எலக்ட்ரான். அதை யார் தலையில கட்டலாம்னு அலையும். குளோரினுக்கு ஏழு. இன்னும் ஒண்ணு கிடைக்காதான்னு கை நீட்டும். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஆளுக்கு ஒண்ணு போட்டு, பொதுவுல வெச்சுக்கிட்டு கூட்டுக் குடித்தனம் பண்ணும். நியானைப் பாருங்க! எட்டும் நிறைஞ்சிருக்கு. யார் வாசல்லயாவது போய் நிக்குதா?" என்பார். இந்த இடத்தில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

அவருடைய அலமாரியில் சொந்தச் சாக்பீஸ், சொந்த டம்ளர், ஊசி நூல், ஒன்று தொலைந்தால் ஒன்று என்று இரண்டு குடை, முதுகு சொறிய மூங்கில் குச்சி ஆகிய சகலமும் உண்டு. பேனா வேணுமா சார்? இருக்கு. வண்டியில வர்றீங்களா? நடப்பேன். மகள் பிரசவத்துக்காக மனைவி ஊருக்குக் கிளம்பியபோதும் அதேதான்: "போயிட்டு வா. எனக்கென்ன?" அந்த அம்மாள் வேறு ஏதோ எதிர்பார்த்து வாசலில் கொஞ்சம் நின்றார்.

அவர் போன பிறகு நியானுக்குக் கண்ணில் புரை அறுவை சிகிச்சை. யாரிடமும் சொல்லவில்லை. தனியாகப் போனார், தனியாக வந்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விடவேண்டும். தலையை அண்ணாந்தார். முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. இரண்டாவது மீசையில். மூன்றாவது காதுக்குள். ஒரு மாத மருந்து ஐந்தே நாளில் தீர்ந்தது. மீசை மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

"கண்ணு இப்படிச் சிவந்திருக்கே! இன்னும் ரெண்டு நாள் இப்படியே விட்டா பார்வை போயிடும்," என்றார் டாக்டர். "சொட்டு விட வீட்டுல யாரும் இல்லையா?"

"எனக்கு யாரும் வேண்டாம்."

"உங்க கண்ணுக்கு வேணுமே."

மறுநாள் வகுப்பில் முன்வரிசைப் பெண் எழுந்தாள். "சார், ஆக்ஸிஜனுக்குக் கேக்கக் கூச்சமா இருக்காதா?"

"அது எங்கம்மா கேக்குது? பக்கத்துல போய் நிக்கும். அவ்வளவுதான்."

இந்த முறை காலரைச் சரிசெய்துகொள்ளவில்லை.

மதியம் இயற்பியல் ஆசிரியையின் மேஜைப் பக்கத்தில் போய் நின்றார். கையில் புது மருந்துப் புட்டி. அந்த அம்மாள் நான்கு விடைத்தாள் திருத்தி முடிக்கும்வரை நின்றார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லை."

நகரவும் இல்லை. ஆசிரியை புட்டியைப் பார்த்தார், வாங்கினார். "உக்காருங்க. மேல பாருங்க."

"பதிலுக்கு நான் என்ன செய்யணும்?"

"தலையை ஆட்டாம இருங்க."

கண்ணுக்குள் விழுந்தது ஒரே சொட்டுதான். வழிந்தது அதைவிட அதிகம்.

அன்று மாலை மனைவிக்குப் போன் செய்தார். "எப்ப வருவே?"

முப்பது வருஷத்தில் கேட்டிராத கேள்வி. அந்த அம்மாள் பதறிப்போனார். "ஐயையோ, உங்களுக்கு என்ன ஆச்சு?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எட்டும் நிறைந்தவர் முதுகிலும் கை எட்டாத இடம் ஒன்று உண்டு. உங்கள் மேஜை இழுப்பறையில் மூங்கில் குச்சி ஏதாவது இருக்கிறதா? நான் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்கிறேன், அவ்வளவுதான்.