தேங்காயெண்ணெயும் எட்டு ட்ரம்பெட்டும்

கல்லணையில் தொடங்கிக் கடல் வரைக்கும் தேடினாலும், மனித மூச்சுக்கு பியூகிள் சார் அளவுக்கு மரியாதை கொடுத்த இன்னொருவர் அகப்படமாட்டார். வலங்கைமான் பக்கத்தில் நான் தமிழய்யாவாக இருந்த பள்ளியில் அவர் உடற்பயிற்சி ஆசிரியர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

மற்ற பி.டி. மாஸ்டர்களுக்கு விசில் தொங்கும் இடத்தில் அவருக்கு பியூகிள் தொங்கும். காலை வணக்கத்துக்கு ஒரு ஊதல், டீ வந்துவிட்டதற்கு ஒரு ஊதல், தலைமையாசிரியை வராந்தாவில் வருகிறார் என்பதற்கு ஒரு ஊதல். அந்த மூன்றாவதற்காக ஆசிரியர் அறையே அவருக்குக் கடமைப்பட்டிருந்தது. சாயங்காலம் தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தி இன்னொன்று ஊதுவார். "வந்துகிட்டிருக்கேன், தோசைக்கல்லைப் போடு" என்று அதற்கு அர்த்தம். அவர் மனைவி ஒருநாள் என்னிடம் அலுத்துக்கொண்டார்: "நான் மட்டுமாங்க போடுறேன்? இவரு ஊதுனா தெருவுல பதினோரு வீட்டுல கல்லு காயுது!"

பியூகிளில் பட்டன் கிடையாது. ஒரே குழாய். சுருண்டு, போகப்போக அகன்று, கடைசியில் வாயாக விரியும். அதில் பிறப்பது நாலைந்து சுரம்தான். அதையும் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் பெற வேண்டும். ட்ரம்பெட்டுக்கு மூன்று பட்டன். அது ஏன், இது ஏன் என்று தெரியாமல் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். கையைப் பிடித்து வாய்க்கால் கரைக்கே இழுத்துப் போய்விட்டார்.

"பாருங்க தமிழய்யா. நேரா போகுதே, அது பியூகிள். ஷட்டரை எறக்கி, பக்கத்து வாய்க்கால்ல சுத்த விட்டு, மறுபடி கொண்டாந்து சேர்த்தா ட்ரம்பெட். காத்து நடக்குற தூரம் கூடுது, சுரம் கீழ எறங்குது. அவ்வளவுதான் வித்தை."

"அப்ப பேண்டுல மடியில வச்சு ஊதுவாங்களே, அந்தப் பெரிய யூஃபோனியம்?"

"அது ஏரி சார். வானத்தைப் பார்த்து வாயைத் தொறந்து வச்சுக்கிட்டு மழைக்குக் காத்துக்கிட்டிருக்கும்."

இப்படிப்பட்டவரின் பள்ளிக்கு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் எட்டு ட்ரம்பெட் வாங்கி அனுப்பிவிட்டார். பளபளவென்று, நகைக்கடைக்குப் பிறந்தவை போல. தலைமையாசிரியைக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"குடியரசு தினத்துக்கு இது நல்லபடியா அமைஞ்சிட்டா, பழைய பியூகிளையெல்லாம் கும்பகோணத்துப் பாத்திரக் கடையில போட்டு மேடைக்கு ஒரு குத்துவிளக்கு வாங்கிடலாம்."

பியூகிள் சார் யோசித்தார். "விளக்கு நல்லதுதான் மேடம். ஆனா ஊதுனா அணைஞ்சிடுமே."

அந்த நிமிடமே ட்ரம்பெட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவருக்கு நாற்காலி போடும் பொறுப்பு. பியூகிள்கள், அவர் கழுத்தில் தொங்கியது உட்பட, சாக்கில் கட்டப்பட்டுத் தலைமையாசிரியை அறைக்குள் போயின. தஞ்சாவூரிலிருந்து ஒரு பேண்டு மாஸ்டர் வந்து ஒரு முழுப்பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். வாசித்தவர்கள் என்னவோ பழைய பியூகிள் குழுவின் எட்டு மாணவிகள்தான். பியூகிள் சாரிடம் மூன்று வருடம் உதடு பழக்கியவர்கள்.

பட்டன்களுக்கு விடுவதற்கென்று பெட்டியோடு வந்த எண்ணெய் ஒத்திகையிலேயே தீர்ந்துவிட்டது. விழாவுக்கு முந்தின நாள் மதியம் பட்டன்கள் கரகரத்தன. தலைக்கு ஆகிற எண்ணெய் பட்டனுக்கு ஆகாதா? இருபத்துநான்கு பட்டனுக்கும் தேங்காயெண்ணெய் விட்டேன். வழுக்கிக்கொண்டு இறங்கின. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் பனி. அறுப்புக்கு நின்ற சம்பா வயல்களை மூடி, வரப்பேறி, மைதானத்துக்குள் வந்து கொடிக்கம்பத்தில் பாதியை விழுங்கியிருந்தது. புறப்படும் முன் தலைக்கு வைக்க எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை; வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பள்ளிக்குள் நுழைந்ததும் ட்ரம்பெட் வாசிப்பவர்களில் ஒருத்தி ஓடிவந்தாள்.

"ஐயா, பட்டன் எறங்க மாட்டேங்குது."

"எதுல?"

"எட்டுலயும்."

சிறப்பு விருந்தினரின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. எட்டுப் பேரும் சூடேறினால் இளகுமோ என்று ட்ரம்பெட்டை அக்குளில் இடுக்கி அடைகாக்கும் கோழிகள் போல நின்றார்கள். குஞ்சு பொரிப்பதாகத் தெரியவில்லை. கையில் இரண்டு நாற்காலியோடு பியூகிள் சார் வந்தார். ஒரு பட்டனின் மூடியைத் திருகி, விரலால் தொட்டு முகர்ந்தார்.

"தேங்காயெண்ணெயா?"

தலையாட்டினேன்.

"கொஞ்சம் கடுகும் கறிவேப்பிலையும் போட்டிருக்கலாம்ல தமிழய்யா?"

பிறகு பெண்களைப் பார்த்தார். "எல்லாப் பட்டனும் மேலயே நிக்குதா? ஒண்ணுகூட அமுங்கலையே? அப்ப என்னம்மா கவலை? பட்டன் அமுங்காத ட்ரம்பெட்டும் பியூகிள்தான். விரலை மடக்கிக்கிட்டு நம்ம பழைய சல்யூட்டை ஊதுங்க."

ஊதினார்கள். பியூகிளைவிடச் சற்றுக் கூரான ஒலி. ஆனால் அதே நாலைந்து சுரம். ஏறி, நின்று, இறங்கி, பனியைக் கிழித்துக்கொண்டு வயல் பக்கம் போனது. கொடி விரிந்தது. எங்கோ தூரத்தில் கொக்குகள் எழுந்தன. என் கண் கலங்கியது பக்தியாலா பயத்தாலா என்று இன்றுவரை தெரியாது.

விருந்தினர் போனதும் தலைமையாசிரியை வந்தார். "பிரமாதம்! ஆனா பேண்டு மாஸ்டர் சொல்லிக்கொடுத்த பாட்டு என்னாச்சு?"

என் நாக்கும் இருபத்தைந்தாவது பட்டனாக நின்றுவிட்டது. பியூகிள் சார் உண்மையைச் சொன்னால் போதும், சாக்கு அவிழ்ந்துவிடும். அவர் சொன்னார்: "நான்தான் மேடம் வேணாம்னேன். குளிர்ல பிள்ளைங்களுக்கு விரல் மரத்துப்போச்சு."

"அப்ப சரி. ட்ரம்பெட்டே போதும். பியூகிளை இந்த வாரமே போட்டுடலாம்."

"சரிங்க மேடம்" என்று நாற்காலிகளை அடுக்கப் போனார். போகும்போது கை தன்னால் கழுத்துக்குப் போயிற்று, அங்கே இல்லாத ஒன்றைச் சரிசெய்ய.

அதைப் பார்த்த பிறகுதான் என் நாக்கு இறங்கியது. "மேடம், அவர் சொன்னது பொய். எண்ணெய் ஊத்துனது நான்." கடைசிச் சொட்டுவரை சொல்லிவிட்டேன்.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "தமிழய்யா, நீங்க இலக்கணத்தோட நிறுத்திக்குங்க." பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "எண்ணெயே கேக்காத கருவியையா நாம கடையில போடப் பார்த்தோம்?" என்றார். அன்றைக்கே சாக்கு அவிழ்ந்தது. மேடைக்கு இன்றும் பழைய விளக்குதான்.

பியூகிள் சார் பணி நிறைவு பெற்றுத் திருக்காட்டுப்பள்ளிக்கு, தன் நிலத்தைப் பார்க்கப் போய்விட்டார். கழுத்திலிருந்த பியூகிளைப் பள்ளி அவருக்கே கொடுத்துவிட்டது. ஒவ்வொரு தையிலும், பாட்டிலில் எண்ணெய் உறையும் ஒரு காலையில், என் போன் அடிக்கிறது. ஹலோ கிடையாது, சௌக்கியமா கிடையாது. வலங்கைமான் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்று, நாலே சுரம் ஊதுகிறார்.

நான் எழுந்து போய்த் தோசைக்கல்லைப் போடுகிறேன்.