மூன்று கூட்டம் வராதவர்

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி ஐம்பது நிமிடம். எங்கள் தெரு நலச்சங்கத்தின் தலைவியாகிய நான், பால் பூத்துக்கு மேலே உள்ள அறையில் எழுந்து நின்று, டேர்ம் சாரின் உறுப்பினர் இடம் காலியாகிவிட்டதாக அறிவித்தேன். அப்போது என் குரலில் இருந்த திருப்தியை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

டேர்ம் சாரைப் போல இன்னொருவர் ஸ்ரீராம்புரத்தில் கிடையாது. பெங்களூரிலேயே கிடையாது என்பது என் கட்சி. மற்றவர்கள் பொழுது போகாவிட்டால் போனை நோண்டுவார்கள். அவர் மாநகராட்சிச் சட்டத்தைப் பிரித்து, கவுன்சிலர் பதவி எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்ற பகுதியை ரசித்துப் படிப்பார். சில இடங்களில் தலையாட்டுவார், சங்கீதம் கேட்கிறவர் மாதிரி.

மன்றக் கூட்டங்களின் குறிப்புகளைத் தட்டச்சு செய்து ஓய்வுபெற்றவர் அவர். கவுன்சிலர்கள் வந்தார்கள், போனார்கள். விதிகள் மட்டும் இவரிடம் தங்கிவிட்டன. ஒரு கவுன்சிலரின் இடம் நடுவில் காலியானால் இடைத்தேர்தல் வரும். வென்று வருபவருக்குப் புதிதாக ஐந்து வருடம் கிடையாது. போனவர் மிச்சம் வைத்த காலம் மட்டும்தான். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு அவர் உலகத்தையே அளந்தார். தெரு அவருக்கு ‘டேர்ம்’ என்று பெயர் வைத்தது அதனால்தான்.

பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், “நீங்க எங்க எறங்கணும் தம்பி?” என்று முதலில் விசாரிப்பார். தம்பி யஷ்வந்த்பூர் என்றால் இவரும் யஷ்வந்த்பூர் வரைதான் உட்காருவார். அதற்குமேல் பீன்யா வரை நின்றுகொண்டே போவார். சீட் காலியாக ஓடும். “கூத்கொளி சார், காலி இதெயல்லா” என்று கண்டக்டர் உட்காரச் சொல்லிக் கெஞ்சினாலும் பலனில்லை. தம்பியின் காலம் முடிந்துவிட்டதல்லவா?

என் மகள் யாழினி ஆறாம் வகுப்பில் கிளாஸ் லீடர் ஆனாள். முந்தைய லீடர் வேறு பள்ளிக்குப் போய்விட்டதால் வந்த பதவி. தெருவெல்லாம் சாக்லெட் கொடுத்தாள். டேர்ம் சார் ஒன்றை எடுத்துக்கொண்டு, “வாழ்த்துக்கள் பாப்பா. ஆனா மார்ச் வரைக்கும்தான், ஞாபகம் வெச்சுக்கோ” என்றார். குழந்தை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். நான் சண்டைக்குப் போனேன். அவர் சட்டப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார்.

அப்படிப்பட்டவருக்கு, நகர மன்றத்தின் ஐந்து வருடம் முடிந்து, தேர்தல் இதோ அதோ என்று தள்ளிப்போய், ஊருக்கே கவுன்சிலர் இல்லாமல் போன வருடங்கள் எப்படி இருந்திருக்கும்? மாதம் பிறந்தால் இஸ்திரி போட்ட சட்டையோடு வார்டு ஆபீசுக்குப் போவார். “எலெக்‌ஷன் யாவாக சாரே?” என்று, தேர்தல் எப்போது எனக் கேட்பார். அங்கே இருந்தவர்கள் ஒரு டீ கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த மாதம் மறுபடியும் அதே கேள்வி, அதே டீ.

கவுன்சிலர் இல்லாத குறைக்கு நாங்களே ஐந்து பேர் கொண்ட சங்கம் ஒன்றை ஆரம்பித்தோம். விதிகளை எழுதியவர், வேறு யார்? உறுப்பினருக்கு இரண்டு வருடம். அது தேர்தல் நாளிலிருந்து அல்ல, முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து. தலைவருக்கு ஒரு வருடம். தொடர்ந்து மூன்று கூட்டம் வராத உறுப்பினரின் இடம் தானாகக் காலியாகும். நோட்டீஸை அன்றைக்கே கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

சங்கத்தின் முன்னால் இருந்த பெரிய வேலை ஒரு கல். ஸ்கூல் வேன் நிற்கும் முனையில், சாக்கடையை மூடியிருந்த கல் லாரி ஏறி உடைந்துவிட்டது. மழை வந்தால் தண்ணீர் ரோட்டோடு சமமாக நிற்கும். குழி எங்கே என்றே தெரியாது. யாழினி இறங்குவது அங்கேதான். ஆபீஸில் நாலு மணி ஆனால், அவள் வீட்டுக்கு வந்து போன் செய்யும் வரை கம்ப்யூட்டரில் இருப்பது கண்ணில் ஏறாது. வார்டு ஆபீசில் கேட்டால் பட்டியலில் இருக்கிறது என்றார்கள். கேட்டு வாங்கத்தான் கவுன்சிலர் இல்லையே.

அந்த நேரத்தில் எங்கள் உறுப்பினர்களில் ஒருவரான லாரன்ஸ் மாஸ்டர் சந்தாபுராவுக்குக் குடிபோனார். அந்த இடத்தைத் தனக்குக் கொடுத்தால் மறுநாளே கல் போட்டுவிடுவதாக ஒரு கட்டட கான்ட்ராக்டர் சொன்னார். எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார்.

டேர்ம் சார் கையைத் தூக்கினார். “நியமனம் கெடையாதுங்க மேடம். நோட்டீஸ் ஒட்டி எலெக்‌ஷன் வெக்கணும். ஜெயிச்சாலும் எட்டு மாசம்தான்.”

எட்டு மாதத்துக்கு யார் கல் போடுவார்கள் என்று கான்ட்ராக்டர் எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டேர்ம் சார் அதோடு விடவில்லை.

“இன்னொண்ணு மேடம். உங்க தலைவர் பதவி நாலு மாசம் முன்னாடியே முடிஞ்சிருச்சு.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். வேறு யாரும் நிற்காததால் நாற்காலி மட்டும் என்னிடமே இருந்தது. கல்லுக்காகத்தான் அவரை வெளியேற்ற நினைத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்காகவும்தான்.

சாயங்காலக் கூட்டத்தைச் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு மாற்றினேன். அவசரம் என்று சொல்லி வாரம் ஒரு கூட்டம் வைத்தேன். “அந்த நேரம் எனக்கு முடியாதுங்க மேடம்” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். முதல் சனி வரவில்லை. இரண்டாவது சனி வரவில்லை. மூன்றாவது சனி மழை கொட்டியது, அன்றும் வரவில்லை. அவர் எழுதிய விதியாலேயே அவர் இடம் காலியானது. மறுபடி சிரிப்பு, இந்த முறை என் பக்கம்.

போன் செய்து, நோட்டீஸ் வாங்க வரச் சொன்னேன்.

“இப்பவே வரணுங்களா மேடம்? ஒரு இருவது நிமிஷம் கழிச்சு வரட்டுமா?”

“இப்பவே வாங்க” என்றேன்.

வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டு, நோட்டீஸை நின்றபடியே படித்தார். விதி எண்ணை நான் தப்பாகப் போட்டிருந்தேன், திருத்திக் கொடுத்தார். தன்னை வெளியேற்றும் காகிதத்தில் பிழை திருத்திய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒன்று ஐந்து என்று நேரமும் எழுதினார். இரண்டு தடவை ஜன்னலைப் பார்த்தார். அவமானம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“ஆயித்தா மேடம்? நான் கெளம்பட்டுங்களா?”

“தீர்மானத்தோட காப்பி எழுதணும். உக்காருங்க.”

உட்கார்ந்தார். நான் மெதுவாக எழுதினேன். அவசரமே இல்லாமல், அழகாக எழுதினேன்.

தெருவிலிருந்து கூச்சல் வந்தது. ஓடினேன். வேன் டிரைவர் என் மகளைக் குழியிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு வரை கறுப்புத் தண்ணீர், முழங்காலுக்குக் கீழே ரத்தம். ஆட்டோவில் ஏறியதும், கிளினிக்கில் இறங்கியதும் எனக்கு நினைவில்லை.

ஊசி போடுவதற்கு முன்னால் யாழினி விம்மிக்கொண்டே கேட்டாள். “டேர்ம் தாத்தா ஏம்மா இன்னிக்கு வரல? டெய்லி அவருதானே எங்க எல்லாரையும் கையப் புடிச்சு அந்தப் பக்கம் விடுவாரு.”

எனக்குப் புரியவில்லை. “எப்போலேருந்துடி?”

“கல்லு ஒடஞ்சதுலேருந்து. நான் சொன்னேன்மா. நீ போன்ல ஆபீஸ் மெயில் பாத்துட்டு இருந்த.”

வார நாட்களில் நாலு மணிக்கு அங்கே நிற்பாராம். சனிக்கிழமை அரை நாள் பள்ளி, அன்றைக்குப் பன்னிரண்டரையிலிருந்து. அதே நேரத்துக்குத்தான் நான் கூட்டத்தை மாற்றியிருந்தேன். ஏழு தையல் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் என் கையைப் பிடித்துக் கசக்கினாள். இன்னும் கொஞ்சம் அழுத்தட்டும் என்று இருந்தது.

கட்டுப் போட்டு முடித்து, நான் மருந்துச் சீட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது டேர்ம் சார் வந்தார். குடை இல்லை, அறையிலேயே விட்டுவிட்டிருக்கிறார். பேண்ட் முட்டி வரை சேறு. கதவுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். யாழினி கையை ஆட்டியதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நான் எழுந்தேன். “சார்” என்று ஆரம்பித்தேன்.

“லேட் ஆயிருச்சு, தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். ரெண்டாவது வேன்ல இன்னும் ஆறு பசங்க வரணும், அவங்கள அனுப்பிட்டு வந்தேன்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “திங்கக்கெழமையும் நான் அங்க நிப்பேன். நீங்க மீட்டிங்க எந்த டைமுக்கு வேணும்னாலும் வெச்சுக்குங்க மேடம்.”