எல்கைப் பந்தயத்து விதி திருத்த எழுந்த அம்சம்

வாழ்க அம்சம்! எக்ஸெல் வண்டியைத் தேராகவும், அதன் பின்னால் கட்டிய மீன் கூடையைக் கொடியாகவும் உடையவள். ஒரத்தநாட்டுச் சுற்றுவட்டாரத்துப் பூனைகளெல்லாம் எழுந்து நின்று எதிர்கொள்ளும் பெருமாட்டி. சொந்தமாக ஒரு கன்றுக்குட்டியின் கயிற்றைக்கூடப் பிடித்தறியாமலே, மாட்டுவண்டிப் பந்தயம் எங்கு நடந்தாலும் மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அங்கே தோன்றும் மாவீராங்கனை! கண்ணுகளா, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாடு பிடித்தவர் கதை நிறையக் கேட்டிருப்பீர்கள். இது மைக் பிடித்தவள் கதை.

எல்கைப் பந்தயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டிகள் புறப்பட்டு, எல்கைக் கொடி நட்ட இடம்வரை போய், அதைச் சுற்றித் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். பெரிய மாட்டுப் பிரிவு என்றால் போக வர எட்டு மைல். புறப்படும் இடத்தில் நிற்பவன் போகும்போது புழுதியைப் பார்ப்பான். வரும்போது மறுபடியும் புழுதியைப் பார்ப்பான். ஆனால் எல்கையிலோ, உள்பக்கத்து மாடு மலை பெயர்ந்து ஊன்றியதுபோல் குளம்பை ஊன்ற, வெளிப்பக்கத்து மாடு வில்லினின்று விடுபட்ட கணையாய் வளைந்து பாய, ஒரு சக்கரம் மண்ணைத் துறந்து விண்ணை நாட, சாரதியின் தலைத்துண்டு தனியே பறந்து போக, ஆகா, அந்த ஒரு கண்ணிமைப்பொழுது! அதைக் காண வண்டிகளின் பின்னாலேயே பைக்கில் துரத்திக்கொண்டு போக வேண்டும். முன்னாடியே போய் எல்கையில் நின்றுகொள்ளலாமே என்பீர்கள். நின்றால் புறப்பாட்டை யார் பார்ப்பது? இரண்டையும் பார்க்கவே தான் பிறவியெடுத்ததாக அம்சத்துக்கு ஓர் எண்ணம்.

இந்த வருஷமோ பஞ்சநதத்தின் செவலை ஜோடியில் இடப்பக்கத்து மாடு புதுசு. அது எல்கையில் எப்படித் திரும்புமோ என்ற கவலையில், மாட்டுக்காரன் பஞ்சநதம் குறட்டை விட்டுத் தூங்க, மீன்காரி அம்சம் தூங்கவில்லை.

இப்படியிருக்க, பெரிய மாட்டுப் பந்தயத்துக்குச் சற்று முன்பு, வண்டிகள் புறப்படும் கால்வாய்ப் பாலத்தருகே போட்ட பந்தலில், விழாக்குழுத் தலைவர் வைத்தியலிங்கம் இடிமுழக்கமென ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பை எறிந்தார்.

"போன வருஷம் பைக் சத்தத்துல ஒரு ஜோடி மிரண்டு, விளைஞ்ச சம்பாவுக்குள்ள இறங்கிருச்சு. இனி மாட்டுக்குப் பின்னால யாரும் பைக்ல போகக் கூடாதுன்னு விதி கொண்டு வரலாம்னு இருக்கோம். ரசிகப் பெருமக்கள் உங்க கருத்தைச் சொல்லுங்க!"

கருத்து! அந்த ஒரு சொல் கேட்டதும், உதைத்துக் கிளப்பிய பைக்குகள் ஒவ்வொன்றாய் அடங்கின. மாடு வைத்திருந்த ஒருவருக்கும் கருத்து இருக்கவில்லை. மாடில்லாத அத்தனை பேருக்கும் ஆளுக்கு நான்கு இருந்தது. ஆடிப்பெருக்கில் மதகு திறந்தாற்போல் பந்தலுக்குள் புகுந்தது சேனை.

முதலில் மைக்கைக் கைப்பற்றியவர் அரிசி மில் ரெத்தினம். "எல்கையில யாரு முதல்ல திரும்புறாங்களோ அவங்களுக்கும் ஒரு பரிசு வேணும்!"

அவரை முழங்கையால் விலக்கி, செல்போன் கடை முபாரக் எழுந்தார். "ஒரே ஒரு ஓட்டத்தை வெச்சு சாம்பியன்னு சொல்றது அநியாயம்! பாபநாசம், ஒரத்தநாடு, எல்லா ஊர்ப் புள்ளியையும் கூட்டணும்!"

"கூட்டிப் பாக்க மாடு என்ன பள்ளிக்கூடமா போயிருக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஓர் அம்பு பறந்து வந்தது.

அப்போதுதான், மக்களே, முந்தானையை இழுத்துச் செருகி, செதில் ஒட்டிய தன் வலக்கரத்தை நீட்டி, மைக்கை விரால் மீனைப் பிடிப்பதுபோல் கழுத்தோடு பிடித்தாள் அம்சம். பிடித்த விரால் அவள் கையிலிருந்து எந்நாளும் நழுவியதில்லை.

"பின்னால நாங்க வரலைன்னா, மாடு யாருக்காக ஓடும்?"

"உங்க வண்டிச் சத்தத்துக்குப் பயந்துதான் அக்கா ஓடுது!" என்றார் முபாரக்.

பந்தல் அதிரச் சிரித்தது. அஞ்சினாளா அம்சம்? அஞ்சாதவள் மேலும் கொதித்தாள். பைக் போகலாம், ஹாரன் அடிக்கக் கூடாது. அடித்தால் அடுத்த வருஷம் நடந்து வர வேண்டும். சைலன்ஸருக்குச் சாக்குக் கட்ட வேண்டும். மீன் வண்டிக்கு மட்டும் சிறு சலுகை உண்டு என்று திருத்தத்துக்குத் திருத்தமும், அந்தத் திருத்தத்துக்கு விலக்குமாக, காவிரிக்குக் கிளைவாய்க்கால் பிரிவதுபோல் அவள் பேச்சு பிரிந்து பிரிந்து பாய்ந்துகொண்டே போயிற்று. நடுவில் பந்தலுக்கு வெளியே தடதடவென்று ஒரு பேரொலி எழுந்து அகன்றது. தனக்கு விழுந்த கைதட்டல் என்றெண்ணி, பணிவோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தொடர்ந்தாள். வெகுநேரம் கழித்து அதே பேரொலி மறுபடி எழுந்தது. மறுபடியும் கும்பிட்டாள்.

இறுதியில் அவளது திருத்தங்கள் ஏகமனதாக நிறைவேறின. வெற்றிச்சங்கு முழங்காத குறை. முபாரக்கே "அக்கா, நீங்க எலெக்‌ஷன்ல நிக்கலாம்!" என்றார். படை திரண்டு, பைக்குகளை முறுக்கி, பந்தயத்தைத் துரத்தப் பாலத்தடிக்குப் பாய்ந்தது.

அங்கே செவலை ஜோடி தொட்டித் தண்ணீரில் முகம் புதைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் மாலை.

"இன்னும் விடவே இல்லை, அதுக்குள்ள மாடு ஏன் இப்படி நுரை தள்ளுது?" என்று கேட்டார் ரெத்தினம்.

வைத்தியலிங்கம் கொடியைச் சுருட்டிக்கொண்டே, பூமாரி பொழியும் குரலில் சொன்னார்: "விட்டு, ஓடி, முடிஞ்சே போச்சு. ரோட்ல ஒரு பைக் இல்லை. ஒரு மாடு மிரளலை. விதியெல்லாம் எதுக்குங்க? வருஷா வருஷம் இதே நேரத்துக்குக் கருத்துக் கேட்டுட்டாப் போதும். உங்க கருத்து அத்தனையும் அருமை!"

சேனை தலைகுனிந்தது. மாலையும் வியர்வையுமாய்ப் பஞ்சநதம் ஓடி வந்து அம்சத்தின் கையைப் பற்றினான். "அக்கா! புது மாடு எல்கையில திரும்புச்சு பாருங்க, அப்படி ஒரு திருப்பம் நானே பார்த்ததில்லை! உங்களை நெனைச்சுக்கிட்டேதான் திருப்புனேன். பாத்தீங்கள்ல?"

ஐம்பது பேர் வாயை அடைத்த வாய், மைக்கையே மண்டியிட வைத்த வாய், திருத்தத்துக்கும் திருத்தம் கண்ட திருவாய் மூன்றே சொல் உதிர்த்தது.

"கொஞ்சம் மறைச்சிருச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு அம்சம் வீட்டுக்குப் போனாள்.