வயிற்றுவலி பழக்கப் போன இடத்தில்

அன்றைய வேலை ஒன்றுதான். நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் செல்வமணிக்கு வயிற்றுவலி பழக்குவது.

மருத்துவ மாணவர்களை எப்படிப் பரீட்சிப்பது என்பது என் ஆராய்ச்சி. பல வருடமாக அதில்தான் சோறு தின்கிறேன். இந்த முறை, படித்து முடித்து வேலைக்குப் போனவர்களையும் விடவில்லை. சுகமாக இருக்கும் ஒருவரை நோயாளி வேஷத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். அது வேஷம் என்று டொக்டர் கண்டுபிடிக்கிறாரா என்று பார்ப்பேன். ஒரு நாள் ஒருவர் வருவார் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி, டொக்டர்மாரிடம் சம்மதம் வாங்கியிருந்தேன்.

செல்வமணி கொழுந்து பறிப்பவள். பெரிய வெள்ளி நாடகத்தில் மாதாவாக அழுது தோட்டத்தையே அழவைப்பவள். வேறு தகுதி வேண்டுமா?

தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் குடல்வால் வலியை வளைந்து, நெளிந்து நடித்துக் காட்டினேன். காட்டும்போதே சுருக்கென்றது. காலையில் தின்ற ரோல்ஸ் என்று நினைத்தேன்.

ரோட்டுக்கு இறங்கி வருவதற்குள் நிமிர முடியவில்லை. செல்வமணி பக்கத்தில் நின்று என்னைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு அவளும் அதே அளவுக்கு வளைந்தாள்.

"இப்ப சரிங்களா மெடம்?"

உண்மையாகவே நோகிறது என்றேன். தானும் அப்படியே சொல்வதாகச் சொல்லிவிட்டு ஆட்டோவை மறித்தாள். ஆட்டோக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது டொக்டர் ரிஸானா. மாவனல்லைப் பிள்ளை, என் பழைய மாணவி. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஆள் அனுப்புவீங்கன்னு பாத்தா, நீங்களே வந்துட்டீங்க மெடம்."

நடிப்பில்லை என்று சத்தியம் பண்ணினேன். சிரித்தாள். கையைக் கழுவினாள். தன் பெயரைச் சொன்னாள். என் பெயரைக் கேட்டாள். தொட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டாள். இதில் ஒன்று தவறினாலும் மார்க் குறைக்கிறவள் நான்தான். வலியோடு காத்திருந்தேன்.

வலப்பக்கம் அழுத்திக் கையை எடுத்தபோது கத்திவிட்டேன்.

"நடிப்பு கொஞ்சம் கூடிப் போச்சு மெடம்," என்றாள் மெதுவாக.

அடுத்த கட்டிலில் செல்வமணி கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாள். ரிஸானா அங்கே ஓடினாள். செல்வமணியைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். இரத்தினபுரிக்கு அனுப்ப அம்புலன்ஸ் வந்தது. என்னைத் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

அம்புலன்ஸ் கதவடியில் நர்ஸ், பயப்பட வேண்டாம், சின்ன ஒப்பரேஷன்தான் என்று தமிழும் சிங்களமும் கலந்து செல்வமணிக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

மாதா தள்ளுகட்டிலிலிருந்து குதித்து ஓடி வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா. மெடம் சொல்லிக் குடுத்ததுதான். என் வயித்துல கத்தி வைக்காதீங்க!"

ரிஸானா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து நான் அவள் காலில் போட்டிருந்த சப்பாத்தில் வாந்தி எடுத்தேன். அதற்கு மேல் பேச்சு வார்த்தை தேவைப்படவில்லை. செல்வமணி இறங்கிய கட்டிலில் நான் ஏறினேன்.

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்று இரத்தினபுரியில் சொன்னார்கள். வேஷத்தை டொக்டரால் கண்டுபிடிக்க முடியாது என்பது ஆராய்ச்சியின் முதல் முடிவு. தையல் பிரிக்கவில்லை என்பதால் இன்னும் எழுதவில்லை.

செல்வமணி தோடம்பழத்தோடு வார்டுக்கு வந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கோபம்தான், ஆனால் வேறு விஷயத்தில்.

"அந்த வாந்திய மட்டும் எனக்குச் சொல்லித் தரலயே மெடம்."